மலிவு சவுண்ட் டீகோடர்: சரிசெய்வதா, துணை சேர்ப்பதா, மாற்றிவிடுவதா?

நீராவி என்ஜின் மாடலில் சத்தம் அறுந்து அறுந்து வந்தால், காதை நம்பாமல் முதலில் முகப்பு விளக்கைப் பாருங்கள். சத்தம் நிற்கும் அதே கணத்தில் விளக்கும் சிமிட்டினால், டீகோடருக்கு (தண்டவாளம் வழி வரும் டி.சி.சி. எனும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டார், விளக்கு, சத்தத்தை இயக்கும் சின்னச் சுற்றுப்பலகைக்கு) மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. விளக்கு நிலையாக எரிய, சத்தம் மட்டும் கரகரத்தால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம் இருக்கிறது. விளக்கும் சத்தமும் நன்றாக இருந்து, நீராவி வெளியேறும் 'சுக் சுக்' மட்டும் சக்கரத்தோடு சேராமல் தன் போக்கில் போனால், அது மோட்டார் கட்டுப்பாட்டின் சங்கதி. இந்த மூன்றையும் பிரிக்காமல் டீகோடரைக் கழற்றி வீசிவிட்டு விலை கூடியதை வாங்கி மாட்டினால், முதல் இரண்டு கோளாறும் புது டீகோடரிலும் அப்படியே தொடரும்.

மலிவு டீகோடர் வைத்திருப்பவருக்கு ஐந்து வழிகள் உண்டு. சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மின்னெடுப்பையும், டீகோடரில் பதியும் அமைப்பு எண்களான சி.வி.க்களையும் சரிசெய்து அதையே ஓட்டலாம். மின்சாரம் கணநேரம் அறுந்தாலும் டீகோடரை ஓட்டும் மின்சேமிப்பான கீப்-அலைவ் சேர்க்கலாம். ஸ்பீக்கரையும் அதன் பெட்டியையும் மாற்றலாம். மோட்டாருக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என இரண்டு டீகோடர் போடலாம். முழு வசதி உள்ள டீகோடருக்கு மாறலாம். கடைசி வழியை முதலில் எடுப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அது தீர்க்கும் குறைகளின் பட்டியல் சின்னது.

மின்னெடுப்பு

டீசல் மாடலில் இரண்டு போகிகளின் (சக்கரச் சட்டங்களின்) எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும். நீராவி மாடல் அப்படி இல்லை. சிலவற்றில் என்ஜின் ஒரு தண்டவாளத்திலிருந்தும் அதன் பின்னால் மாட்டிய நிலக்கரி வண்டியான டெண்டர் மற்றதிலிருந்தும் எடுக்கும். இழுவைக்காக ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் எதையும் எடுக்காது. என்ஜினையும் டெண்டரையும் இணைக்கும் தண்டே சில பழைய வடிவங்களில் மின்கடத்தியாகவும் வேலை செய்யும். மோட்டார் மட்டும் இருந்த காலத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு மின்வெட்டை ஃப்ளைவீல் மறைத்துவிட்டது. சவுண்ட் டீகோடரால் அதை மறைக்க முடியாது. அது அணைந்து, மறுபடி எழுந்து, தொடக்க ஒலியிலிருந்து ஆரம்பிக்கும்.

சோதனை எளிது. டீகோடரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்தின் ஓடுபரப்பிலும் மற்றதை டீகோடர் செருகியின் சிவப்புக் கம்பியிலும் வையுங்கள். சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடதுக்கு. அளவு 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அப்படியே டெண்டரை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். எண் 5, 20 எனத் துள்ளினால் தொடுதகடு தளர்ந்திருக்கிறது, அல்லது இணைப்புத் தண்டின் முளை கறுத்திருக்கிறது. சக்கரத்தைத் துடைக்க, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் மேல் போட்டு, டெண்டரை அதன்மேலும் என்ஜினை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓட விடுங்கள். பிறகு இடத்தை மாற்றிச் செய்யுங்கள். தானாகச் சுழலாத டெண்டர் சக்கரங்களைக் காகிதத்தின் மேல் உருட்டித் துடைக்க வேண்டும்.

இணைப்புத் தண்டை மின்கடத்தியாக நம்புவதைக் கைவிட்டு, என்ஜினுக்கும் டெண்டருக்கும் இடையே மெல்லிய பலஇழைக் கம்பிகளை ஓட்டுவதே நிரந்தரத் தீர்வு. குறைந்தது நான்கு வேண்டும்: சிவப்பு, கறுப்பு, மோட்டாருக்கான ஆரஞ்சு, சாம்பல். முகப்பு விளக்குக்கு வெள்ளையும் நீலமும் சேர்த்தால் ஆறு. இந்தக் கம்பிகள் செருகி ஓரத்தில், உறைக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. வளைவில் மட்டும் சத்தம் போனால் முதல் சந்தேகம் இங்கே வரட்டும். இரண்டாவது சந்தேகம், முன்சக்கர வண்டி வளைவில் சிலிண்டரையோ சட்டத்தையோ உரசுவது. அந்த உரசலில் கணநேர ஷார்ட் ஏற்படும். தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் வெட்டுவதற்குள் அது விலகிவிடும், ஆனால் டீகோடர் அதற்குள் பட்டினி கிடந்துவிடும். உரசும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டினால் போதும்.

டெண்டரில் ஒரு பக்கம் மட்டும் மின்னெடுப்பு இருந்தால், மற்ற பக்கத்துக்கு 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பியில் தொடுவில் செய்து, சக்கரத்தின் பின்முகத்தை மெல்லத் தொடும்படி வையுங்கள். அழுத்தம் கூடினால் சக்கரம் சுழலாமல் இழுபடும். இத்தனையும் செய்தபின் ஐந்தில் எந்த வழியைத் தேர்ந்தாலும் உழைப்பு வீணாகாது. அதனால்தான் இதை மற்ற நான்கோடு தராசில் வைக்காமல் எல்லாவற்றுக்கும் முந்திய வேலையாகச் சொல்கிறோம்.

டீகோடர் செத்துவிட்டது என்று தோன்றும்போது

நல்ல டீகோடரையே செத்ததாக எண்ண வைக்கும் அமைப்புப் பிழைகள் சில உண்டு. சத்தம் வருகிறது, விளக்கு எரிகிறது, என்ஜின் மட்டும் நகரவில்லை என்றால் சி.வி. 19-ஐப் படியுங்கள். அதில் 0 தவிர வேறு எண் இருந்தால், என்ஜின், பல என்ஜின்களைச் சேர்த்து ஓட்டியபோது கொடுத்த பழைய கூட்டோட்ட முகவரிக்கே காத்துக்கிடக்கிறது. 0 எழுதினால் ஓடும். விளக்கு மாறிமாறி அணைந்தால் சி.வி. 29-இல் வேகப்படி அமைப்பு தவறியிருக்கும்; கட்டுப்பாட்டுக் கருவி 28 அல்லது 128 படியில் இருக்க, டீகோடர் 14 படியில் நிற்கும். என்ஜினின் முகவரி எண் சிறியதானால் (குறுமுகவரி) சி.வி. 29-க்கு 6 என்பது வழக்கமான மதிப்பு, பெரியதானால் (நெடுமுகவரி) 38.

எதுவும் புரியாவிட்டால் சி.வி. 8-இல் 8 எழுதி, மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். பல தயாரிப்புகளில் அது எல்லாவற்றையும் ஆலை அமைப்புக்குத் திருப்பி, முகவரியை 3 ஆக்கும். சில மலிவு டீகோடர்களுக்கு வேறு எண் இருப்பதால் கையேட்டை ஒருமுறை பாருங்கள். அதே சி.வி. 8-ஐப் படித்தால் தயாரிப்பாளரும் தெரியும்: 141 சவுண்ட்டிராக்ஸ், 145 ஜிமோ, 151 இ.எஸ்.யு., 129 டிஜிட்ராக்ஸ். பெட்டி இல்லாமல் கைமாறி வந்த என்ஜினுக்கு இது பெரிய உதவி.

சி.வி.க்களைப் படிக்கவும் எழுதவும் தனியே வைத்த புரோகிராமிங் தடத்தில் டீகோடர் பதிலே தராமல் போவதும் உண்டு. அந்தத் தடத்தில் டீகோடர் 'ஆம்' என்று சொல்லும் முறை, சுமார் 6 மில்லிநொடிக்குக் குறைந்தது 60 மில்லிஆம்பியர் கூடுதலாக மின்சாரம் இழுப்பது. டீகோடர் அந்தத் துடிப்பை மோட்டார் வழியாகவே உண்டாக்குவதால், மோட்டார் கம்பி விட்டிருந்தாலும், கெப்பாசிட்டர் ஒன்று குறுக்கே நின்று விழுங்கினாலும் பதில் காணாமல் போகும். முதன்மைத் தடத்தில் எழுதிப் பாருங்கள். அங்கே எடுபட்டால் டீகோடர் உயிரோடுதான் இருக்கிறது.

கீப்-அலைவ்

மின்னெடுப்பைச் சீர்செய்த பிறகும் தடம் பிரியும் முள்தடங்களில் சத்தம் தடைபட்டால்தான் இது. வெறும் கெப்பாசிட்டருக்கும் சூப்பர் கெப்பாசிட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. டீகோடருக்குள் சுமார் 13 வோல்ட் இருக்கிறது, அது 8 வோல்ட் வரை இறங்கலாம், மோட்டாரும் சத்தமும் சேர்ந்து 250 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 20 மில்லிநொடி தாங்கும். நொடிக்கு 100 மி.மீ. நகரும் என்ஜின் அதற்குள் போவது 2 மி.மீ. ஒரு தூசுத் துணுக்கைத் தாண்ட அது போதும். மின்கடத்தாத முள்தட முனையைத் தாண்டாது. 1 ஃபாரட், 2.7 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் ஆறை வரிசையாக இணைத்தால் 16.2 வோல்ட் தாங்கும் 0.167 ஃபாரட் கிடைக்கும். அது மூன்று நொடிக்கு மேல் ஓட்டும்.

தயார்நிலையில் வருபவற்றில் சவுண்ட்டிராக்ஸின் கரன்ட்கீப்பரும் டி.சி.எஸ்.ஸின் கீப்-அலைவும் இரண்டு கம்பியில் இணைபவை. இ.எஸ்.யு.வின் பவர்பேக்குக்கு மூன்றாவதாகக் கட்டுப்பாட்டுக் கம்பி ஒன்று தேவை. அதனால் எதை வேண்டுமானாலும் எதனோடும் மாட்டலாம் என்று நினைக்கக் கூடாது.

மலிவு டீகோடர்களில் பலவற்றுக்கு இதற்கான கம்பியே இருக்காது. நேர்முனை நீலக் கம்பிதான், ஆனால் எதிர்முனையை நீங்கள்தான் தேட வேண்டும். தடத்திலிருந்து கழற்றிய டீகோடரில், மல்டிமீட்டரை டையோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையைச் சந்தேகப் புள்ளியிலும் கறுப்பு முனையை முதலில் டீகோடரின் சிவப்புக் கம்பியிலும் பிறகு கறுப்புக் கம்பியிலும் வையுங்கள். இரண்டிலும் 0.3 முதல் 0.7 வோல்ட் வரை காட்டினால் அதுதான் தட மின்சாரத்தை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையரின் எதிர்முனை. வேறு புள்ளியில் சாலிடர் வைத்தால் டீகோடர் எரியும். உத்தரவாதமும் அன்றே போகும். கெப்பாசிட்டரின் நேர்முனைக்கும் நீலக் கம்பிக்கும் நடுவே 100 ஓம் மின்தடையையும், அதற்கு இணையாக ஒரு 1என்4001 டையோடையும் போடுங்கள். டையோடின் பட்டை உள்ள முனை நீலக் கம்பிப் பக்கம் இருக்கட்டும். மின்தடை இல்லாவிட்டால் தடத்துக்கு மின்சாரம் கொடுத்த கணமே பூஸ்டர் ஷார்ட் என்று எண்ணி வெட்டும். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டருக்குக் கால் வாட் மின்தடை போதும். சூப்பர் கெப்பாசிட்டர் அடுக்குக்கோ தொடக்கத்தில் அந்த மின்தடையில் 1.7 வாட் வரை சூடாகும். நிரம்பவே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே 1 அல்லது 2 வாட் மின்தடை வையுங்கள், பிளாஸ்டிக்கைத் தொடாமல்.

போட்டதும் சி.வி. 29-இல் அனலாக் ஓட்டத்தை நிறுத்துங்கள்: 6 இருந்தால் 2, 38 இருந்தால் 34. இதை விட்டுவிட்டால், டி.சி.சி. சமிக்ஞை அறுந்த கணத்தில் டீகோடர் சாதா டி.சி.யில் இருப்பதாக எண்ணி, என்ஜின் கட்டுப்பாடில்லாமல் பாயக் கூடும். ஒரு சின்னச் செருகி வைத்து இணைப்பதும் அவசியம். புரோகிராம் செய்யும்போது கழற்றிவிடலாம்.

ஸ்பீக்கர்

பணத்துக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் இதற்கு இணையான வேலை வேறு இல்லை. ஸ்பீக்கரின் முன்புறக் காற்றலையும் பின்புறக் காற்றலையும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த ஒலிதான் முதலில் சாகும். நீராவி என்ஜினின் உயிரே தாழ்ந்த ஒலியில் இருப்பதால், மூடிய பெட்டி இல்லாத ஸ்பீக்கரில் எந்த டீகோடரும் தகரடப்பா போலத்தான் கேட்கும். 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் பின்பக்கம் மூடிய பெட்டி செய்து, கம்பி வெளிவரும் துளையைக்கூட ஒட்டுப்பசையால் அடையுங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் பாதிப் பயன் போகும். 11×15 மி.மீ. 'சுகர் கியூப்' வகை ஸ்பீக்கர், அதே டெண்டரில் இருந்த பழைய 28 மி.மீ. வட்ட ஸ்பீக்கரைவிடப் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். காரணம், மிச்சமாகும் இடம் முழுவதையும் பெட்டிக்குக் கொடுக்க முடிவதுதான்.

ஓம் அளவில் கவனம் வேண்டும். 8 ஓம் என்று சொல்லும் டீகோடருக்கு 4 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் இரட்டிப்பு மின்சாரம் தள்ளும். அதன் அடையாளம், பத்து நிமிடம் நன்றாகப் பாடிவிட்டுச் சத்தம் நிற்பது, ஆறியதும் திரும்புவது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 4 ஓம், வரிசையாகப் போட்டால் 16. இரண்டாவது ஆபத்தில்லாதது. இரண்டு ஸ்பீக்கர் போடும்போது கூம்புகள் ஒரே திசையில் அசைகின்றனவா என்று 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். எதிரெதிராக அசைந்தால் தாழ்ந்த ஒலி மறுபடி அழியும். இ.எஸ்.யு.வின் பழைய லோக்சவுண்ட் 3.5 டீகோடர் 100 ஓம் ஸ்பீக்கரையே கேட்கும். அதை எடுத்துவிட்டுப் புதியது போடுபவர்கள் ஸ்பீக்கரையும் மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்பீக்கரின் இரு கம்பிகளில் எதுவும் சட்டத்தையோ தண்டவாளத்தையோ தொடக் கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிடும், அதற்கு மருந்தில்லை. சத்தம் அடியோடு போய், ஒலியடைப்பு விசையும் மொத்த ஒலியளவும் சரியாக இருந்தால், ஸ்பீக்கரைக் கழற்றி அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 7 ஓம் காட்டும். அது நன்றாக இருந்து, வேறு ஸ்பீக்கரிலும் மௌனம் என்றால் டீகோடரின் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லாத இடம் இது.

கரகரப்பு மட்டும் இருந்தால் மொத்த ஒலியளவைப் பாதிக்குக் குறைத்துக் கேளுங்கள். ஆலையிலிருந்து முழு ஒலியில் வரும் மலிவு டீகோடர்கள் பல, பாதியில் தெளிவாகிவிடும்.

'சுக்' ஒலியும் சக்கரமும்

முடிவு எடுக்க வேண்டிய உண்மையான இடத்துக்கு இப்போது வந்திருக்கிறோம். இரு சிலிண்டர் என்ஜினில் இயக்குசக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு 'சுக்'. கிராங்குகள் 120 பாகையில் உள்ள மூன்று சிலிண்டர் என்ஜினில் ஆறு. இந்தப் பொருத்தம் எப்போது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்? 1.6 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 5 மீட்டர் போகும். நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதின்மூன்று 'சுக்' வரும். யாராலும் எண்ண முடியாது. ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். மணிக்கு 15 கி.மீ. வேகத்திலோ நொடிக்கு மூன்றுதான். அங்கே ஒன்று பிசகினாலும் உறுத்தும். ஆக, விரைவுவண்டி இழுக்கும் என்ஜினுக்கு மலிவு டீகோடரே தாராளமாகப் போதும். பெட்டிகளை மெதுவாகத் தள்ளிச் சேர்க்கும் யார்டு என்ஜினுக்குத்தான் நல்ல டீகோடர் தன் விலையைத் திருப்பித் தரும்.

மாற்றும் முன் ஒருமுறை சீராக்கிப் பாருங்கள். என்ஜினைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த கிரீஸில் எடுத்த அளவு பிறகு பொருந்தாது. தொடக்க வேகம், உச்ச வேகம், நடு வேகம் ஆகியவற்றை அமைக்கும் சி.வி. 2, 5, 6 ஆகியவற்றை முதலில் முடித்துவிடுங்கள், ஏனென்றால் இவற்றைப் பின்னால் தொட்டால் 'சுக்' கணக்கு கலையும். கிராங்க் முளைக்கு நேரே வெள்ளைப் புள்ளி வைத்து, படி 1-இல் பத்துச் சுற்றுக்கு எத்தனை 'சுக்' என்று எண்ணுங்கள். நாற்பது வர வேண்டும். இதற்கான சி.வி. தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்: லோக்சவுண்ட் 4, 5-இல் 57-உம் 58-உம், ஜிமோவில் 267. படி 1-இல் பொருந்தியதும் படி 5-இலும் 10-இலும் பாருங்கள். மூன்றிலும் பொருந்தினால் டீகோடரை அப்படியே விட்டுவிடலாம்.

தட்டையான தடத்தில் பொருந்தி, ஏற்றத்திலோ பத்துப் பெட்டி மாட்டியதும் விலகினால், அந்த டீகோடர் மோட்டாரின் பின்மின்னழுத்தத்தை (சுழலும்போது மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை) அளக்கவில்லை, அல்லது அந்த வசதி அணைந்திருக்கிறது. அது நீங்கள் கேட்ட வேகத்துக்குச் சத்தம் போடுகிறது. சக்கரத்தின் வேகம் அதற்குத் தெரியாது. வசதி இருந்து அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே உள்ள இரைச்சல் தடுப்புக் கெப்பாசிட்டரையும் வெட்டி எடுங்கள், அது அளவீட்டைக் கெடுக்கும். வசதியே இல்லாவிட்டால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. டீகோடரில் சென்சார் உள்ளீடு இருந்தால் மட்டும் ஒரு நடுவழி உண்டு: டெண்டர் அச்சில் காந்தம், டெண்டரின் அடித்தளத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார். டெண்டர் சக்கரம் இயக்குசக்கரத்தின் பாதி விட்டமாக இருந்தால், அச்சில் இரண்டு காந்தம் வைத்தாலே சுற்றுக்கு நான்கு துடிப்பு வந்துவிடும்.

இரண்டு டீகோடரா, ஒரு நல்ல டீகோடரா?

நல்ல மோட்டார் டீகோடரோடு தனிச் சவுண்ட் மாட்யூல் சேர்ப்பது காகிதத்தில் சிக்கனமாகத் தெரியும். மாட்யூலுக்கு மோட்டாரைப் பற்றி எதுவும் தெரியாததால் 'சுக்' விலகல் அப்படியே இருக்கும். சென்சார் உள்ளீடு இருந்தால் மட்டுமே தப்பலாம். இரண்டும் ஒரே முகவரியில் இருக்கும்போது சி.வி. 15, 16 பூட்டு இல்லாவிட்டால், ஒன்றுக்கு எழுதுவது மற்றதிலும் பதியும். டெண்டரில் இடமும் இரட்டிப்பாகத் தேவை. அந்த இடம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போயிருக்க வேண்டியது. பெரிய அளவு மாடல்களில் வேறு கணக்காகலாம். எச்.ஓ. (1:87) அளவிலும் அதைவிடச் சிறியதிலும் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முழு மாற்றம் என்று முடிவானால் மூன்றைப் பாருங்கள். முதலாவது, மோட்டாரின் உச்ச இழுப்பு: டீகோடர் இல்லாமல் 12 வோல்ட் கொடுத்து, மோட்டார் தண்டை ஓரிரு நொடி நிறுத்திப் பிடித்து ஆம்பியரை அளங்கள். எச்.ஓ. டீகோடர்கள் பெரும்பாலும் தொடர்ந்து 1 ஆம்பியர் தாங்குபவை. பழைய திறந்த மோட்டார் அதைத் தாண்டினால் மோட்டாரையும் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாவது, இணைப்புச் செருகி: எட்டுமுனை, 21எம்.டி.சி., பிளக்ஸ்22, நெக்ஸ்ட்18 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. மூன்றாவது, ஒலித்தொகுப்பு: லோக்சவுண்டிலும் ஜிமோவிலும் அவற்றுக்குரிய கருவி இருந்தால் வேறு என்ஜினின் ஒலியை ஏற்றலாம். சவுண்ட்டிராக்ஸின் எக்கானமி டீகோடரில் உள்ளே இருக்கும் விசில்கள், மணிகளிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அது பின்மின்னழுத்தத்தை அளக்கும், கரன்ட்கீப்பரையும் ஏற்கும் என்பதால், மலிவுக்கும் உச்சத்துக்கும் நடுவே நிற்க விரும்புபவருக்கு நல்ல நிலையம்.

மாட்டும்போது ஆரஞ்சு, சாம்பல் கம்பிகள் செல்லும் மோட்டார் முனைகள் இரண்டும் சட்டத்திலிருந்து முழுக்கப் பிரிந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டே மின்சாரம் கொடுங்கள். முதல் மின்சாரமும் புரோகிராமிங் தடத்தில்தான். அங்கே மின்சாரம் மட்டுப்பட்டிருப்பதால், இணைப்பில் பிழை இருந்தாலும் டீகோடர் பிழைத்துக்கொள்ளும். லோக்சவுண்ட் போட்டால் இரண்டு மீட்டர் நேர்தடத்தில் நிறுத்தி, சி.வி. 54-இல் 0 எழுதி, எஃப்1 அழுத்துங்கள். என்ஜின் ஒன்றரை நொடி முழு வேகத்தில் பாய்ந்து, தன் மோட்டாரை அளந்துகொள்ளும். தடத்தின் முனையில் கையை வைத்திருங்கள்.